7 மீட்டர் தள்ளி நின்று யாரும் வேலை செய்வதில்லை

வேன்களுக்குள்ளும் லாரிகளுக்குள்ளும் ஜெனரேட்டர், கம்ப்ரஸர், வாக்குவம் புளோயர் (காற்றை உறிஞ்சித் தள்ளும் எந்திரம்), உயர் அழுத்தப் பம்ப் போன்றவற்றைத் தனி எஞ்சினோடு பொருத்தித் தரும் பட்டறைக்காரர்களுக்கும், அந்த எந்திரங்களை வடிவமைத்து விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் கட்டித்தரும் வண்டியை வேலையிடத்துக்கு ஓட்டிப்போய், பின்கதவைத் திறந்து, எஞ்சினைக் கிளப்பிவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று பிழைப்பவர்களில் நானும் ஒருவன். தரைவிரிப்பு கழுவுபவர், சாக்கடைக் குழாயில் அடைப்பு எடுப்பவர், நின்றுபோன வாகனத்துக்கு டயர் மாற்றுபவர், வெல்டிங் வைப்பவர் என்று எங்கள் தொழில்கள் வெவ்வேறு. நிற்கும் இடம் மட்டும் ஒன்றுதான். உங்கள் எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பம்பில் அழுத்தம் விழுவதில்லை, வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. அதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. இரைச்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், இரைச்சலைப் பற்றி உங்கள் விற்பனைத் தாளில் அச்சாகியிருக்கும் அந்த ஒற்றை எண்ணைப் பற்றி.

அந்த எண் பெரும்பாலும் '7 மீட்டரில் 68 டெசிபல்' என்ற மாதிரி இருக்கும். படித்தால் மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 7 மீட்டரில் யார் நிற்கிறார்கள்? பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல் இருக்கலாம். வேலை செய்பவன் நிற்பது ஒரு மீட்டரில். திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் கூடும். அப்படியானால் 7 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வரும்போது ஏறத்தாழ 17 டெசிபல் ஏறிவிடும். தாளில் 68 என்றிருப்பது எங்கள் காதில் 85. இதுவும் திறந்தவெளிக் கணக்குதான். எந்திரம் இருப்பதோ தகரப் பெட்டிக்குள். சுவரும் கூரையும் தளமும் ஒலியை ஒன்றுக்கொன்று திருப்பி எறிய, அது வெளியேறக் கிடைக்கும் பெரிய வாய் பின்கதவு. அந்த வாயில்தான் நாங்கள் நிற்கிறோம். ஆகவே 85 என்பதுகூட நல்ல நாளில் கிடைக்கும் எண்.

85 என்ற எண்ணை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க தேசிய நிறுவனமான நியாஷ், 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபலைத்தான் மேல் எல்லையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1, 100 என்றால் வெறும் 15 நிமிடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு உத்தரவு 80 டெசிபலிலேயே தொழிலாளிக்குக் காதுக்காப்பு தரவேண்டும் என்கிறது. 85-ல் அதை அணிந்தே ஆகவேண்டும். 3 டெசிபல் என்றால் அற்பம் என்று பட்டறையில் யாராவது சொல்லும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. காதுக்கு அது லேசாகத்தான் கூடியதாகத் தெரியும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

இன்னொரு சங்கதியும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. நீங்கள் தருவது 'ஏ' எடையிட்ட டெசிபல். மனிதக் காது தாழ்ந்த ஒலியை, அதாவது உறுமல் மாதிரியான கனத்த சுருதியை, மந்தமாகக் கேட்கும் என்பதால் ஒலி அளக்கும் மீட்டர் அந்தப் பகுதியைக் கழித்துவிட்டுக் காட்டும். 50 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 50 அதிர்வில், 30 டெசிபல் கழிகிறது. இரண்டு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) ஓடினால் விநாடிக்கு 50 தடவை வெடிக்கும். அதாவது, எஞ்சினின் அடிநாதம் எதுவோ அதைத்தான் அந்த எண் ஏறக்குறைய அழித்துவிடுகிறது. நெஞ்சுக்கூட்டில் இறங்கும் உறுமல், ஓட்டுநர் இருக்கையில் நடுக்கம், வாடிக்கையாளர் வீட்டில் கண்ணாடி அதிர்வது எல்லாம் அதில்தான் வருகின்றன. அதே மீட்டரில் 'சி' எடை என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் திருப்பி அளந்தால் 50 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் அளவுக்குத்தான் கழியும். இரண்டு எண்களுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் சிக்கல் தாழ்ந்த ஒலியில் என்று பட்டறையிலேயே தெரிந்துவிடும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இரைச்சல் அதிகம் என்று வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் பல பட்டறைகளில் நடப்பது ஒன்றே: உள்சுவர் முழுக்க ஃபோம் ஒட்டித் தருவது. புடைப்புப் புடைப்பாக, பார்க்க ஒலிப்பதிவுக் கூடம் போல அழகாக இருக்கும். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனால் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். நுண்துளைப் பொருள் ஓர் ஒலியை நன்றாக உறிஞ்ச, அதன் தடிமன் அலைநீளத்தின் கால் பங்கை நெருங்கியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 25 மில்லிமீட்டர் ஃபோம் முழுத் திறனோடு வேலை செய்வது 3000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். வால்வுச் சத்தம், பெல்ட்டின் கீச்சு, ஃபேனின் சீறல் ஆகியவை கொஞ்சம் மழுங்கும். உறுமல் அப்படியே நிற்கும். ஃபோம் உறிஞ்சுமே தவிர ஒலியைத் தடுக்காது என்பது வேறு. தடுப்பதற்கு எடை வேண்டும். சுவரின் எடை இரு மடங்கானால் ஊடுருவும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். தகரம் தானே அதிர்ந்து இரைவதை நிறுத்த மூன்றாவதாக ஒரு பொருள், பியூட்டைல் அல்லது பிட்டுமன் ஷீட், தகரத்தோடு நேரடியாக ஒட்டியிருக்க வேண்டும். உறிஞ்சுவது, தடுப்பது, அதிர்வை அடக்குவது ஆகிய மூன்றும் மூன்று வேலைகள். ஒன்றை வாங்கி மூன்றையும் எதிர்பார்க்க முடியாது.

எஞ்சினைச் சுற்றி எடையுள்ள பேனல் வைத்துக் கூண்டு கட்டினாலும் இடுக்கு விட்டால் போயிற்று. கூண்டின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, பேனல் எவ்வளவு கெட்டியானதாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான். ஒயர் போகும் துளை, ஹோஸ் போகும் துளை, கதவின் அடி இடுக்கு இவற்றை ரப்பர் வைத்து அடைப்பது அரைநாள் வேலை. விலை உயர்ந்த பேனல் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டியதும் அதுதான்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் எஞ்சின் சூடாகுமே என்பீர்கள். நியாயம். எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் எஞ்சின் தண்டில் வேலையாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். காற்று உள்ளே வந்தே ஆகவேண்டும். ஆனால் அது நேர் வழியில் வரவேண்டிய கட்டாயம் இல்லை. காற்று நுழையும் டக்ட்டையும் வெளியேறும் டக்ட்டையும் ஒரு வளைவோ இரண்டு வளைவோ கொடுத்து, உள்பக்கம் உறிஞ்சும் பொருள் பதித்துக் கட்டினால், காற்று வளைந்து போய்விடும், ஒலி சுவரில் முட்டி முட்டித் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சின் கண்ணில் படக்கூடாது. கண்ணுக்குத் தெரிகிற எஞ்சின் காதுக்கும் நேராக வரும். டக்ட்டை அகலமாக வைத்தால் ஃபேனையும் பெரிதாக வைத்து மெதுவாகச் சுழல விடலாம். ஒரே ஃபேனின் வேகம் பாதியானால் அதன் இரைச்சல் சுமார் 15 டெசிபல் விழும். சிறிய ஃபேனை அலறவிட்டுக் குளிரவைப்பது இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மைதான். மிச்சமான இடத்தில் பெரும்பாலும் காலி டப்பாக்கள்தான் கிடக்கின்றன.

அடுத்தது ரப்பர் மவுண்ட். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சினுக்குக் கீழே ரப்பர் வைத்தாயிற்று, அதிர்வு நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எந்த ரப்பர், எவ்வளவு அமுங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சினின் எடையால் மவுண்ட் 4 மில்லிமீட்டர் அமுங்கினால், எஞ்சினும் மவுண்டும் சேர்ந்த இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அவை தாமாக ஆடும் வேகம், சுமார் 8 ஹெர்ட்ஸ். 1500 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சின் விநாடிக்கு 25 தடவை உதறும். அந்த உதறலில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் தளத்துக்கு இறங்கும். நல்ல மவுண்ட் என்றால் இதுதான். இப்போது அதே இடத்தில் 'கெட்டியாக இருக்கட்டும்' என்று கல் மாதிரி ரப்பர் போட்டு, அது 0.4 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயல்பு அதிர்வெண் சரியாக 25 ஹெர்ட்ஸுக்கு வந்து நிற்கும். எஞ்சின் உதறும் வேகமும் மவுண்ட் ஆடத் துடிக்கும் வேகமும் ஒன்றாகிவிட்டன. ரப்பரே போடாமல் நேராக போல்ட் அடித்திருந்தால் இறங்கியிருக்கும் அதிர்வைவிட இது அதிகம். ஐடிலில் கதவு கடகடப்பதும், வேகம் கூட்டினால் அடங்குவதும் எங்கள் வண்டிகளில் பழகிப்போன காட்சி. அதற்குக் காரணம் எஞ்சினில் இல்லை, ரப்பரில் இருக்கிறது.

மவுண்ட் சரியாக அமைந்துவிட்டாலும் அதை ஏமாற்ற ஒரே ஒரு குழாய் போதும். சைலென்சர் குழாயை வண்டியின் உடலோடு இறுக்கமாகக் கிளாம்ப் போட்டால், பம்பிலிருந்து வரும் இரும்புக் குழாயைச் சுவரில் நட்டு வைத்து முடுக்கினால், அதிர்வு மவுண்டைச் சுற்றிக்கொண்டு அந்த வழியே இறங்கிவிடும். எஞ்சினிலிருந்து வண்டிக்குப் போகும் ஒவ்வொன்றும், எரிபொருள் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள், புகைக்குழாய், ஹோஸ் அத்தனையும், நடுவில் ஓரிடத்திலாவது நெகிழ வேண்டும். புகைக்குழாய்க்கு பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக நெகிழும் உலோகக் குழாய்), மற்றவற்றுக்கு ரப்பர் துண்டு. அதோடு எஞ்சினின் கால்கள் வெறும் தளத் தகட்டின் மேல் நிற்காமல், சேஸிஸின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே வரும்படி அமையவேண்டும். மெல்லிய தகடு வளையும். வளைகிற தகடு ஒலிபெருக்கி ஆகிவிடும். அப்போது மவுண்டின் கணக்கும் பொய்த்துப்போகும், ஏனென்றால் அந்தக் கணக்கு தளம் அசையாது என்று நம்பிப் போட்ட கணக்கு.

மென்மையான மவுண்ட் போட்டால் பிரேக் அடிக்கும்போது எஞ்சின் முன்னால் பாயுமே என்ற பயம் உங்களுக்கு உண்டு. எங்களுக்கு அது உங்களைவிட அதிகம், எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நாங்கள். ரப்பர் கிழிந்தாலும் எஞ்சினைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கவ்வி உள்ள மவுண்ட் கிடைக்கிறது. அதைத்தான் போடவேண்டும். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று இதில் யாரும் விளையாடக் கூடாது.

புகைப் பக்கத்துக்கு வருகிறேன். எங்கிருந்து இரைச்சல் அதிகம் வருகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்பதற்கு இதுதான் நல்ல உதாரணம். டெசிபல்கள் சாதாரணமாகக் கூட்டுவதற்கு ஒத்துவராது. 90 டெசிபல் புகைக்குழாயும் 80 டெசிபல் ஃபேனும் சேர்ந்தால் 90.4. ஃபேனை அடியோடு நிறுத்தினாலும் 90-தான். ஆகவே முதலில் ஒரு நீண்ட ஹோஸை மாட்டிப் புகையைத் தொலைவில் கொண்டுபோய் விட்டு, பின்கதவருகே மீட்டரைப் பாருங்கள். எண் நன்றாக விழுந்தால் சைலென்சரில்தான் குறை. விழவில்லை என்றால் சைலென்சர் மாற்றும் செலவு வீண். பிறகு காற்று இழுக்கும் வாய், பிறகு ஃபேன், பிறகு புளோயர். புளோயரை மறந்துவிடாதீர்கள்; இரண்டு இதழ் ரோட்டர் உள்ள புளோயர் ஒரு சுற்றுக்கு நான்கு தடவை காற்றைத் தள்ளுகிறது, 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 200 துடிப்பு. எஞ்சினுக்கு நல்ல சைலென்சர் போட்டுவிட்டு, புளோயரின் வாயை அப்படியே திறந்து விட்ட வண்டிகள் இருக்கின்றன. அந்த வண்டியில் எஞ்சின் ஓடுகிறதா என்றே தெரியாது. புளோயர் ஊளையிடுவதுதான் தெருக்கோடி வரை கேட்கும்.

சைலென்சரைப் பொறுத்தவரை, தாழ்ந்த ஒலிக்குக் கொள்ளளவு வேண்டும். புல்வெளி வெட்டும் எந்திரத்தோடு வரும் சிறு டப்பாவை வைத்துக்கொண்டு உறுமலை அடக்க முடியாது. பெரிய அறைகள் உள்ள சைலென்சர் வண்டியின் அடிப்பக்கம் தாராளமாகப் பொருந்தும். புகை வெளியேறுவதை எதிர்க்கும் பின்னழுத்தம், எஞ்சின் தயாரித்தவர் அனுமதிக்கும் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சக்தியும் குறையாது. புகை வெளியேறும் முனை வண்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே நீள வேண்டும், திறந்த கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இது இரைச்சலுக்காக மட்டும் சொல்வதல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூண்டை நன்றாக அடைத்த பிறகு அதற்குள் புகைக்குழாய் இணைப்பில் ஒரு கசிவு இருந்தால், அது போய்ச்சேரும் இடம் ஓட்டுநர் அறையாக இருக்கக் கூடும். இரைச்சல் குறைந்த வண்டியில் ஆள் மயங்கிக் கிடந்தால் யாருக்கு என்ன லாபம்? கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை ஓட்டுநர் பக்கம் பொருத்தித் தாருங்கள்.

ஃபோமைப் பற்றி இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். புகைக்குழாயின் தொடக்கம் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். சாதாரண பாலியூரிதேன் ஃபோம் எளிதில் பற்றும், எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வரும். எண்ணெய் தெறித்து ஊறிய ஃபோம் அதைவிட மோசம். எஞ்சின் பக்கத்தில் எரியாத பாறைப் பஞ்சோ கண்ணாடி இழைப் பஞ்சோ, எண்ணெய் ஊறாதபடி மேலே உறை போட்டு வையுங்கள். மற்றது எதுவும் வேண்டாம்.

எஞ்சினின் வேகத்தைக் குறைத்தால் மேலே சொன்ன எல்லாமே சேர்ந்து குறையும். பெரும்பாலான வண்டிகளில் பம்புக்குத் தேவையான வேகத்தை எஞ்சினைக் கதறவிட்டு எடுக்கிறோம். கொஞ்சம் பெரிய எஞ்சினைப் போட்டு, புல்லியின் விகிதத்தை மாற்றி, மெதுவாக ஓடவிட்டால் அதே வேலை நடக்கும். தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை விட்டுவிட்டால் எஞ்சின் தானாக ஐடிலுக்கு இறங்கும் அமைப்பும் புதிதல்ல. நாங்கள் குழாய் இழுத்துக்கொண்டும், வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டும் இருக்கும் நேரமெல்லாம் எஞ்சின் முழு வேகத்தில் சும்மா ஓடுகிறது. வண்டியின் சொந்த எஞ்சினிலிருந்தே பிடிஓ (எஞ்சினின் சுழற்சியைப் பம்ப் போன்றவற்றுக்குத் திருப்பிவிடும் இணைப்பு) வழியாகச் சக்தி எடுக்கும் முறையை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. அந்த எஞ்சினுக்கு நல்ல சைலென்சரும் மவுண்டும் ரேடியேட்டரும் வாகனத் தொழிற்சாலையே போட்டு அனுப்பியிருக்கிறது. சிறு வேலைகளுக்கு பேட்டரியும் இன்வெர்ட்டரும் போதும். எல்லோருக்கும் பொருந்தாது, கேட்பவருக்காவது சொல்லலாம்.

'காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்களேன்' என்ற பதிலை நான் எதிர்பார்க்கிறேன். வாங்கியிருக்கிறோம், போடுகிறோம். அட்டையில் எழுதியிருக்கும் டெசிபல் சோதனைக்கூடத்தில் பொறுமையாகச் செருகி அளந்தது. உருட்டிச் செருகும் ஃபோம் அடைப்பானுக்கு அந்த எண்ணில் பாதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடச் சொன்னதே நியாஷ்தான். வேர்த்த காதில், ஈரக் கையால் செருகுவது எப்படி அமரும் என்பது உங்களுக்கே தெரியும். அதோடு நாங்கள் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன: பின்னால் வரும் வண்டியின் ஹாரன், ஹோஸ் பிடித்திருக்கும் கூட்டாளி 'நிறுத்து' என்று போடும் சத்தம், பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும்போது மாறும் தொனி. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்குகிறது. அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது புரியாது. உள்காதின் மயிர்ச்செல்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை. இந்தத் தொழிலில் மூத்தவர்களோடு ஃபோனில் பேசிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வண்டியை ஒப்படைக்கும் நாளில், வேலை செய்யும்போது எந்தக் கதவு எப்படித் திறந்திருக்குமோ அப்படித் திறந்து, எந்திரத்தை முழுச் சுமையில் ஓட்டி, ஆள் நிற்கும் இடத்தில், ஆளின் காது உயரத்தில், ஓட்டுநர் இருக்கையிலும் ஒரு தடவை, 'ஏ' எடையிலும் 'சி' எடையிலும் அளந்து, அந்த நான்கு எண்களையும் ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். மீட்டர் இல்லை என்று சொல்ல முடியாது. நியாஷ் ஐஃபோனுக்கு இலவசமாக வெளியிட்டிருக்கும் ஒலிமானிச் செயலி 2 டெசிபல் துல்லியத்துக்குள் காட்டும், பட்டறைக்கு அது போதும். 7 மீட்டர் எண்ணையும் விட்டுவிட வேண்டாம், அது பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவும்.

எந்திரம் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் விளம்பரத்தில் குதிரைத்திறனும் அழுத்தமும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு மீட்டர் எண்ணைப் போடுங்கள். ஒருவர் போட ஆரம்பித்தால் மற்றவர்களும் போட்டே ஆக வேண்டிவரும். வாங்கும் நாங்களும் கேட்கவில்லை என்று நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. விலையில் நூறு பேரம் பேசுகிறோம், காதைப் பற்றிப் பேசுவதில்லை. இனி கேட்போம். நல்ல மவுண்டுக்கும், அகலமான டக்ட்டுக்கும், பெரிய சைலென்சருக்கும் ஆகும் கூடுதல் செலவைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். எது எத்தனை டெசிபல் குறைத்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எதற்குப் பணம் கொடுப்பது, எதை விடுவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பின்கதவருகே நின்று வேலை செய்யும் ஒருவன்